மட்டாஞ்சேரியில் மலையாளம் படித்துவிட்டுக் கிளம்பிய சனிக்கிழமை

கொச்சிக்குப் போய்ச் சில மாதம் தங்கி மலையாளம் கற்கலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். 1983இல் நான் அதைத்தான் செய்தேன். எங்கள் பத்திரிகைக்குக் கேரளச் செய்தியாளர் தேவைப்பட்டார். மூன்று மாதத்தில் மொழி வந்தால் வேலை எனக்கு, வராவிட்டால் பழையபடி சென்னையில் மாநகராட்சிக் கூட்டங்கள். ஜூன் முதல் வாரம் போய், ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினேன். திங்கட்கிழமை ஆசிரியர் முன் பேசிக் காட்ட வேண்டும்.

தங்கியது பஜார் தெருவுக்குப் பின்னால், சாக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு மாடியில். பாலக்காட்டுக் குடும்பம், வீட்டில் தமிழ். நான் செய்த முதல் தவறு அது. இரண்டாவது, மட்டாஞ்சேரியைத் தேர்ந்தெடுத்தது. மிளகு வியாபாரி குஜராத்தி, பலசரக்குக் கடைக்காரர் கொங்கணி, சலவைக்காரர் வேலுவுக்கு வீட்டு மொழி தமிழ். எல்லோருக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் என்னைக் கண்டதும், மரியாதைக்காக, தெரிந்த தமிழை எடுத்துவிடுவார்கள். எழுத்துப் படித்துவிட்டேன். பேச்சுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கிளம்பும் நாள் காலை எட்டு மணிக்கு விடைபெறப் புறப்பட்டேன். எல்லோரிடமும் மலையாளத்திலேயே சொல்வது என்று முடிவு. வேலு துணி மூட்டையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"சாரே, மூணு மாசத்துல என் தமிழ் நல்லாயிடுச்சு. உங்க மலையாளந்தான் வந்த மாதிரியே இருக்கு!"

மிளகு வியாபாரி முந்தின நாளே ஆள் அனுப்பிச் சாப்பிட அழைத்திருந்தார். ராவுத்தர் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் பதினொன்றரைக்கு அங்கே பூரியும் இனிப்பும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். படகு மதியம் ஒன்று நாற்பதுக்கு. எர்ணாகுளம் ஜெட்டிக்கு அரை மணி நேரம், கட்டணம் ஐம்பது பைசா என்று நினைவு. ரயில் மூன்று ஐம்பதுக்கு.

பன்னிரண்டரைக்குப் பெட்டி எடுக்க வீடு திரும்பினால், கீழே இலை போட்டிருந்தது. அரிசி ரொட்டியான பத்திரி, கோழிக்கறி, நெய்ச்சோறு. ராவுத்தரின் மனைவி கதீஜா இத்தா (அக்காவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டாயிற்று என்றேன்.

"ஆர்க்கு வேண்டியா ஞான் இது உண்டாக்கியது? ராவிலெ அஞ்சு மணிக்கு எழுந்நேற்றதா!"

யாருக்காகச் சமைத்தேன், காலை ஐந்து மணிக்கே எழுந்தேனே என்கிறார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் மலையாளம். நிறுத்தவில்லை. ஊரெல்லாம் உண்டுவிட்டு வீட்டுக்குப் பெட்டி எடுக்க மட்டும் வருவதா, இது வீடா, சத்திரமா என்று பத்து நிமிடம். ஒரு சொல் தப்பாமல் புரிந்தது. எனக்கும் கோபம் வந்துவிட்டது, எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லையே என்று கத்தினேன்.

"எனிக்கு அறியில்லாயிருந்நு, இத்தா! ஆரும் பறஞ்ஞில்லல்லோ!"

ராவுத்தர் என்னைத் தனியே இழுத்தார். "தம்பி, வீட்டு ஆளை யாராவது விளிப்பாங்களா? விருந்துக்காரனைத்தான் விளிக்கிறது. இருந்து தின்னுங்க. இல்லேன்னா இன்னிக்கு எனக்கும் சோறில்லை, கேட்டீங்களா?"

தின்றேன். ஒன்று நாற்பது படகு போய்விட்டது. அடுத்தது மூன்று மணிக்கு, ரயிலை ஓடிப் பிடித்தேன். நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாசலில் கதீஜா இத்தா அமைதியாக, நல்ல தமிழில், "பத்திரமா போயிட்டு வாங்க சார்" என்றார். மறுபடியும் தமிழ், மறுபடியும் சார். படகில் அதுதான் குழப்பியது. திட்டும்போது வீட்டு ஆள், வழியனுப்பும்போது விருந்தாளியா? இல்லை, தமிழே அவர் வீட்டு மொழிதானே?

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் போகாதீர்கள், ஜூலையில் துணி காயாது. படகு நேரத்தை முதல் நாளே ஜெட்டியில் விசாரியுங்கள். இடக்கொச்சிப் பக்கம் அறை எடுத்தால் மலையாளம் சீக்கிரம் வரும். கடைசி நாள் மதியம், தங்கிய வீட்டில் கேட்காமல் வெளியே சாப்பிடாதீர்கள்.

திங்கட்கிழமை ஆசிரியர் மலையாளத்தில் கேள்வி கேட்டார். சரளமாகப் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது. "பேச்சு வந்துவிட்டது. ஆனால் ஏன் ஐயா இப்படிச் சண்டைக்கு நிற்கிறீர்?" என்றார். வேறு எந்தத் தொனியும் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.