ரிமோட் யார் கையில் இருந்தது

பொம்மை வண்டி மோதிக் கால் முறிந்தது என்று சொன்னால் இன்றுவரை ஒருவரும் நம்பியதில்லை. மாமரத்தில் ஏறி விழுந்தேன், மொட்டை மாடியில் வழுக்கினேன் என்றால் உச்சுக்கொட்டுகிறவர்கள்கூட, பொம்மை என்றதும் சிரித்துவிடுகிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கார் ஒன்று அவர்கள் கண்முன் ஓடுகிறது போலிருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஜாதி இல்லை. என் இடுப்பு உயரத்துக்கு நிமிர்த்தி வைக்கக்கூடிய நீளம். தூக்க வேண்டுமானால் அரிசிச் சிப்பத்துக்குக் குனிவதுபோல் குனிய வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் அது போடும் கூச்சலில் தெரு நாய்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து குரைக்கும். நிஜ லாரிக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், உள்ளே டிரைவர் இல்லை.

அதைக் கொண்டுவந்தவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவே வளர்த்த தம்பி. சென்னையில் இந்த மாதிரி ரேடியோ வண்டிகள் விற்கும் கடை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். கடையை மூடும்போது, மூலையில் உடைந்து கிடந்த ட்ரக் ஒன்றை அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை பத்து நாள் இருக்கிறேன் என்று நகரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கு வந்தவர், மாம்பழக் காலம் வந்த பிறகும் அந்தப் பத்து நாளை முடிக்கவில்லை.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டின் பின்பாதி முழுவதும் விசைத்தறிகள். காலையில் சுவிட்சைத் தட்டினால் ராத்திரி கரண்ட் போகும்வரை ஓட வேண்டும் என்பது நைனாவின் சட்டம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாலிபன் பொம்மையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் நேராக மாமாவிடம் சொல்ல மாட்டார். மாமா காதில் விழும் தூரத்தில் நின்று அம்மாவிடம் சொல்வார்.

"அந்த வண்டியால இந்த ஊட்ல யாருக்கானா ஒரு கீறல் உழுந்துச்சின்னு வை, அன்னிக்கே உன் தம்பி பஸ் ஏறிடணும். சொல்லிட்டேன்."

அன்று மாமாவுக்குச் சோறு போடும்போது அம்மா ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். அவருக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

கோடையில் எங்கள் ஏரி காய்ந்து கட்டாந்தரையாகிவிடும். கரையில் மண் வெட்டி வெட்டி ஓரிடம் சரிவாகி, மேலே சட்டென்று முடியும். சாயங்காலமானால் மாமா வண்டியை அந்தச் சரிவில் முழு வேகத்தில் ஏற்றுவார். அது மேலே போய் வானத்தில் நீந்தி, அந்தப் பக்கம் தரையில் வந்து மோதும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். பென்சில் முனையை உடைத்தாலே முதுகில் வாங்கும் பெண் நான். இத்தனை பெரிய சாமானை ஒருவர் வேண்டுமென்றே தூக்கிப் போட்டு உடைக்கிறார், உடைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறார் என்றால் எப்படியிருக்கும்?

"ஒடையட்டும்னுதான குதிக்க வுடறேன்," என்றார் மாமா. "எங்க ஒடையிதுன்னு பாத்தாதான் வண்டி புரியும்."

குதித்த பிறகு அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டுவார். காதை அதனருகே கொண்டுபோய் அசைத்துப் பார்ப்பார், உள்ளே ஏதாவது கடகடக்கிறதா என்று. அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகளில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் வழித்துப் பார்ப்பார். கடைசியாக நடுவில் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறப்பார். ரிமோட் சொல்வதைக் கேட்டு வண்டியை நடத்துவது அந்தப் பெட்டிதான். உள்ளே ஒரு பேட்டரி, அதிலிருந்து ஒரு ஒயர். அந்த ஒயரைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு மூடுவார். பெட்டியைத் திறந்து பார்க்காமல் இரண்டாவது தடவை குதிக்க விட்டதே இல்லை. மழை தூறினாலும் சரி, பார்க்க வந்த பையன்கள் கத்தினாலும் சரி.

ஒவ்வொரு குதிப்பிலும் உடைவது ஒன்றுதான். சக்கரத்தை உடம்போடு இணைக்கும் கை. சென்னையிலிருந்து வாங்கி வந்ததெல்லாம் தீர்ந்துபோய், மாமா உடைந்ததையே ஒட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கரண்ட் இல்லாமல் தறிகள் நின்றிருந்த மத்தியானம், நைனா வந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, அப்பளம் மாறி ஒடையிது?"

மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு மாதத்தில் நைனா அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. பதிலுக்குக் காத்திராமல் நைனா தறிப் பக்கம் போனார். தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளும் தடி ஒன்று உண்டு. நாள் முழுக்க அடித்தாலும் லேசில் சாகாத, இறுக்கி அழுத்திய மரம். அதில் கழித்துப் போட்டிருந்த ஒன்றை எடுத்து வந்து, அறுத்து, துளை போட்டு, அரம் பிடித்து, பொழுது சாய்வதற்குள் புதுக் கை செய்துவிட்டார்.

மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு, நைனாவைப் பார்த்துத் தயங்கினார். "மாமா, இது ஒடையணும் மாமா. இது ஒடைஞ்சாதான் உள்ள கீறதெல்லாம் பொழைக்கும்."

"ஒடையணும்னு எவனாவது சாமான் செய்வானா? தறில ஒண்ணு ஒடைஞ்சா துணி நின்னுடும். மாட்டுடா."

எனக்கு நைனா சொன்னதுதான் சரியென்று பட்டது. மாமா மாட்டினார். அந்தக் கையை நம்பி மாட்டவில்லை, நைனா பேசிவிட்ட சந்தோஷத்தில் மாட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கை உடையவே இல்லை. நைனா ஏரிக்கு வர ஆரம்பித்தார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வண்டி தரையில் மோதி முழுசாக எழுந்து ஓடும்போது அவர் மீசை ஒரு பக்கம் ஏறும். ரிமோட்டை மாமா நீட்டினால் மட்டும், "ச்சீ, எனுக்கு எதுக்குடா அது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியை ஒருமுறை குதிக்க விட்டார். எப்போதையும்விட உயரம். விழுந்த இடத்தில் தரை குழிந்துவிட்டது. கை அப்படியே இருந்தது. மாமா வண்டியைக் கவிழ்க்கப் போனபோது நைனா சொன்னார்:

"டேய், ஒரு டீ வாங்கிக்கினு வாயேன்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தோ மாமா," என்று சைக்கிளை எடுத்தவர், என்னைப் பார்த்து, "பெட்டிய நான் வந்துதான் தொறக்கணும். யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

சைக்கிள் கரையைத் தாண்டி மறைந்ததோ இல்லையோ, நைனா ரிமோட்டை எடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனுஷன். கல்யாண வீட்டில் எல்லோரும் கேரம் ஆடினால் எழுந்து போய்விடுகிறவர். அவர் கையில் ரிமோட். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"நைனா, பெட்டிய இன்னும் தொறக்கல. மாமா தொடக்கூடாதுன்னாரு."

"ஓடறத எதுக்குத் தொறக்கறது? நீ அந்தாண்ட போய் நில்லு. எவ்ளோ எட்டத்துல உழுதுன்னு பாத்துச் சொல்லு."

நான் சந்தோஷமாக ஓடினேன். நைனா என்னை விளையாட்டுக்குச் சேர்த்துக்கொண்டதும் அதுதான் முதல் தடவை.

வண்டி சரிவில் ஏறியது, பறந்தது, எனக்குக் கொஞ்ச தூரத்தில் விழுந்தது. நான் கை தட்டினேன். விழுந்த வண்டி வேகம் குறையாமல் நேராக என்னை நோக்கி வந்தது. நைனா ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து நெரிப்பது தெரிந்தது. பிறகு வண்டியைப் பார்த்தே கத்த ஆரம்பித்தார்: "ஏய் நில்லு! ஏய் நில்லு!" மாட்டை அதட்டுவதுபோல் அவர் அதட்டியதை விளையாட்டென்றே நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

முதல் குதிப்பில் தளர்ந்திருந்த அந்த ஒயர், இரண்டாவதில் பெட்டிக்குள் கழன்றுவிட்டது. கை உடையாததால் அடி முழுவதும் உள்ளே இறங்கியிருக்கிறது. ரிமோட் சொல்வதை வாங்கிக்கொள்ள வண்டியில் எதுவும் மிச்சமில்லை. பெட்ரோல் எஞ்சின் மட்டும் நிற்காமல், கடைசியாகச் சொன்ன முழு வேகத்திலேயே அது வந்தது. இதெல்லாம் நான் வெகு காலம் கழித்துத் தெரிந்துகொண்டது.

அப்போது தெரிந்தது முழங்காலுக்குக் கீழே ஒரு சத்தம், வாயில் மண், அதன் பிறகு நைனாவின் அலறல். ஒரு பெரிய ஆம்பளை அப்படி அலறுவார் என்று எனக்குத் தெரியாது. வலியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டீயோடு திரும்பிய மாமா கரையிலிருந்து ஓடிவந்தார். புரண்டு கிடந்தும் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திவிட்டு என்னை வாரி எடுத்தார். நைனா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். ரிமோட் அவர் காலடியில் கிடந்தது.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் யோசனையே கிடையாது, புத்தூர் கட்டுதான். ஆட்டோ வீட்டு வழியாகப் போய் அம்மாவையும் ஏற்றிக்கொண்டது. அம்மா என் காலைப் பார்த்தாள், அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு ஓட்னது?"

டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா திரும்பாமலே சொன்னார்: "நான்தான்கா."

என் காலில் இருந்த வலி ஒரு நிமிஷம் காணாமல் போய்விட்டது. நைனா இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். நைனா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டும் நைனா. "இல்லம்மா, நைனாதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். "பேசாதடி, வலிக்கும்."

புத்தூரில் பச்சிலை அரைத்துப் பூசி, முட்டையின் வெள்ளையை ஊற்றி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கினார்கள். நான் போட்ட கூச்சலில் வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா தம்பியைப் பார்த்தாள்.

"நீ இப்டியே பஸ் ஏறிடு. நாயுடுபேட்டைல உன் சிநேகிதன் கூப்டுக்கினே இருந்தானே, அங்க போ. துணிமணி அனுப்பறேன்."

மாமா சரியென்று தலையாட்டினார். ஏரி மண் ஒட்டிய லுங்கியோடு அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்தார். நைனாவின் வாய் திறந்தது. "அவன் வந்து..." என்றார்.

"நீங்க புள்ளயத் தூக்குங்க," என்றாள் அம்மா.

பல நாள் கழித்து, நைனா இல்லாத நேரம் பார்த்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். வீடே அதிரப் போகிறது என்ற நடுக்கத்தோடு சொன்னேன். அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவே இல்லை.

"தெரியும்."

"எப்டிம்மா?"

"பெட்டியத் தொறந்து பாக்காம உன் மாமன் என்னிக்கானா அந்த வண்டிய வுட்டுக்கீறானா?"

"அப்ப ஏம்மா மாமாவ அனுப்புன?"

"அவன் எங்க போனாலும் என் தம்பிதான்டி. உங்க நைனா இந்த ஊட்லதான தல நிமிந்து இருக்கணும்."

இதைவிட அநியாயமான பதிலை நான் கேட்டதில்லை. கால் உடைந்தவள் நான். மூன்று பெரியவர்களுக்கும் உண்மை தெரியும், மூவருமாகச் சேர்ந்து அதை மூடிவிட்டார்கள். தப்பு செய்தவர் வீட்டில், செய்யாதவர் நாயுடுபேட்டையில். அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. நைனாமேல் இருந்த கோபம் மட்டும் சீக்கிரம் தணிந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து நைனாதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார். வகுப்புக்குள் வந்து பெஞ்சில் உட்கார வைப்பார். மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். கட்டைப் பிரித்து, நன்றாக நடக்கலாம் என்று புத்தூரில் சொல்லி அனுப்பிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். "எறக்கி வுடு நைனா, நான் நடக்கறேன்," என்றால் காதில் விழாதவர்போல் நடப்பார். மூச்சு வாங்கும், சட்டை நனைந்துவிடும், இறக்கிவிட மாட்டார். என்னைத் தூக்குவதென்றால் நைனாவுக்கு அவ்வளவு ஆசை என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டு, வெட்கமும் கொஞ்சம் கர்வமுமாக அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வேன்.