துண்டு போட்ட நாற்காலி

என் இடது கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. "சின்ன வயசுல அம்மையா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை, மரு எடுக்கப் போனேன் என்பேன். அதோடு விட்டால் அவர்களுக்கு நல்லது. மேலே கேட்டால் என் வாயில் வரும் வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. முடிச்சூரில் எங்கள் வயல்களில் கல் நட்டு மனைகளாக விற்றுக்கொண்டிருந்தோம். அப்பா இல்லை. அண்ணன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள், இடுப்பில் கொத்துச் சாவி என்று ஆளே மாறிப்போயிருந்தான். மாறாதது கோபம் மட்டும்தான். எதுவாக இருந்தாலும் கை முதலில் போகும், அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்பான். எனக்கும் அதே குணம்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வேறு எப்படி இருக்கும்?

காட்டாங்குளத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, பையனின் அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள், சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி. இடது கண்ணுக்குக் கீழே, இமை ஓரமாக, மிளகு அளவில் ஒரு மரு இருந்தது. "பொண்ணு லட்சணமா இருக்குது. அத்த மட்டும் எடுத்துட்டா போட்டோவுல எடுப்பா இருக்கும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன்.

மருவுக்காகக் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினோம். அது அசையவில்லை. அப்போதுதான் அம்மாவுக்குக் கிழக்குத் தாம்பரத்து நர்ஸம்மா ஞாபகத்துக்கு வந்தாள்.

அவள் நர்ஸ் இல்லை. அங்கே இருந்த ஒரு டாக்டரின் கிளினிக்கில் உதவிக்கு இருந்து, ஊசி போடப் பழகியவள். டாக்டர் போட்டால் வலிக்கும், அவள் போட்டால் வலிக்காது. அவ்வளவுதான், ஊரெல்லாம் 'கைராசி' என்று பேச்சு. எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தை போதும். படித்திருக்கிறாளா, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். டாக்டர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே, "அந்தம்மாவையே போடச் சொல்லுங்க" என்று வரிசையில் நிற்பார்கள். டாக்டருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஊசியிலிருந்து கட்டு, கட்டிலிருந்து மரு என்று ஒவ்வொன்றாக அவள் கைக்கு மாறியது. பிறகு மெயின் ரோட்டில், ஒரு துணிக்கடை மாடியில், அவள் தனியாக ஒரு பியூட்டி பார்லரே திறந்தாள். ரிப்பன் வெட்டியது டாக்டர். வாசலில் தொங்கிய போர்டில் பெரிய எழுத்தில் அவர் பெயரும் பட்டமும். கீழே சின்னதாக, 'மரு, மச்சம், மங்கு நீக்கப்படும்.'

நாங்கள் போனபோது அண்ணன் கீழே டீக்கடையில் நின்றுகொண்டான். பெண்கள் வந்துபோகும் இடத்தில் அவனுக்கு என்ன வேலை? நானும் அம்மாவும் மேலே ஏறினோம். சுற்றிலும் கண்ணாடி. நடுவில் சாய்ந்து படுக்கிற நாற்காலி. சுவரோரம் கறுப்பு மேஜைக்குப் பின்னால் இன்னொரு பெரிய நாற்காலி இருந்தது. அதன் முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார்கள். அது டாக்டருடையது. உட்கார இடமில்லாமல் பெண்கள் தரையில் குந்தியிருந்தார்களே தவிர, அதில் ஒருத்தியும் உட்காரவில்லை.

"டாக்டர் வரமாட்டாரா?" என்று கேட்டேன்.

"எப்பனா வருவாரும்மா. எல்லாம் அவர் சொல்லிக் குடுத்ததுதான். நீ பயப்படாம படு" என்றாள் நர்ஸம்மா.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு ஆள் ஏறாமலே இருந்தால், கண்டக்டர்கூட சத்தம் போடுவார். இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் படுத்தேன்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, பழுப்பு பாட்டிலில் தோய்த்தாள். மூக்கைத் துளைக்கிற நெடி. "கொஞ்சம் சுருக்குனு இருக்கும்" என்றாள். பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்ததை நான் பார்த்தேன். அது தப்பென்று எனக்கு எப்படித் தெரியும்? மருவின் மேல் அழுத்தினாள். ஒரு சொட்டு நழுவி, வியர்வையோடு சேர்ந்து, கண்ணுக்குள் ஓடிற்று.

அந்த வலியைச் சொல்ல எனக்குத் தெரியாது. கொள்ளிக்கட்டையைக் கண்ணுக்குள் விட்டுத் திருகினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கத்தினேன். அவள் வயிற்றில் உதைத்தேன். அவள் ஓடிப்போய்விடவில்லை. "ஐயோ, தண்ணி, தண்ணி" என்று அலறிக்கொண்டே என் பிடரியைப் பிடித்து வாஷ்பேசினுக்கு இழுத்துப்போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் பிடித்துவைத்த பிளாஸ்டிக் குடம் ஓரமாக இருந்தது. என்னைத் தரையில் தள்ளி, மடியில் என் தலையை இறுக்கி, இமையைப் பிளந்து பிடித்துக்கொண்டு, மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் அவள் கையைக் கடித்தேன். ரத்தம் என் வாயில் உப்புக்கரித்தது. அப்போதும் அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

என் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணன் படியேறி வந்தான். ஒருத்தி என் தலையை அமுக்கிப் பிடித்துக் கண்ணில் எதையோ ஊற்றுவதும் நான் துடிப்பதும்தான் அவன் கண்ணில் பட்டது.

"இன்னாடி பண்றே என் தங்கச்சிய!"

அவள் கொண்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. மக்கு பறந்தது. "அண்ணா, தண்ணி ஊத்தணும்ணா, கண்ணுக்குத் தண்ணி ஊத்தணும்" என்று அவள் கதறினாள். அறை விழுந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி அறை. மூன்றாவது முறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை. அவனுடைய முழங்கால் அவள் தோளில் இறங்கியபோது காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டீக்கடையிலிருந்து வந்த ஆட்கள் அதற்குள் அறையை நிறைத்துவிட்டார்கள். எதற்கு என்றே தெரியாமல் அடித்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. பாட்டில்கள் சுவரில் தெறித்தன. யாரோ குடத்தை உதைத்தான். அது உருண்டு கவிழ்ந்து, இருந்த தண்ணீரெல்லாம் படிக்கட்டுப் பக்கம் ஓடியது.

நான் அந்த ஈரத்தில் முகத்தை வைத்துப் புரட்டினேன். கண்ணாடிச் சில்லு கன்னத்தில் ஏறியது. தண்ணீர், தண்ணீர் என்று நானும்தான் கத்தினேன். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? அம்மா முந்தானையால் என் கண்ணைத் தேய்த்துத் துடைத்தாள். யாரோ ஒரு புண்ணியவதி எங்கிருந்தோ விளக்கெண்ணெய் கொண்டுவந்து அதற்குள் விட்டாள்.

வலது கண்ணால் நான் பார்த்த ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. உடைக்க வேறு எதுவும் இல்லாமல், அண்ணன் அந்தப் பெரிய நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"மச்சான், மச்சான், அது டாக்டர் சேரு!" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

அண்ணன் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக இறக்கி, இருந்த இடத்திலேயே வைத்தான். நழுவின துண்டை எடுத்து மறுபடி அதன் முதுகில் போட்டான்.

என்னை நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். இவர்கள் தூக்கிக்கொண்டு போனது அதே டாக்டரின் கிளினிக்குக்கு. அவர் வாசலுக்கு வந்து, தள்ளியே நின்று பார்த்தார். "இது என் கேஸ் இல்லப்பா. சிட்டிக்குக் கொண்டுபோங்க" என்றார். "சரிங்க டாக்டர்" என்று கும்பிட்டான் அண்ணன். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற அவருக்கும் தோன்றவில்லை, கேட்க இவர்களுக்கும் தோன்றவில்லை. கிளினிக் வாசலிலேயே மண்பானையில் குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். ஆட்டோ கிளம்பியது. தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில்கள் போகிற வரைக்கும் ஆட்டோவுக்குள் நான் அண்ணனின் தொடையைப் பிறாண்டிக்கொண்டிருந்தேன். அவன் அழுதான். பாவம், என் மேல் உயிரையே வைத்திருந்தவன்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர், பாட்டில் பாட்டிலாக என் கண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "பட்ட உடனே தண்ணி ஊத்தினீங்களா?"

"அந்தப் பொம்பள இன்னாவோ ஊத்திக்கினு இருந்தா டாக்டர். நான்தான் இஸ்து கடாசிட்டேன்."

"அது தண்ணிங்க! ஆசிட் பட்டா அது ஒண்ணுதான் மருந்து. கொஞ்ச நேரம் ஊத்த விட்டிருந்தா கருவிழி இவ்ளோ வெந்திருக்காது."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் கண் பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்லாமலே பல வாரம் கட்டுப் போட்டார்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம் மட்டும் பாலாடை மாதிரித் தெரிந்தது. இப்போதும் அவ்வளவுதான் தெரிகிறது.

எங்கள் புகாரின் பேரில், நர்ஸம்மாவைத் தோள் எலும்பு முறிந்த நிலையிலேயே போலீஸ் பிடித்துப்போனது. அவள் மேல் எனக்கு இரக்கம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், கோபமும் தீரவில்லை. என் கண்ணைக் கெடுத்தவள் அவள். அதைக் காப்பாற்றப் பார்த்த ஒரே ஆளும் அவள்தான். வாசலில் தொங்கிய போர்டு மட்டும் அன்றைக்கே காணாமல் போயிருந்தது. யாரும் உடைக்கவில்லை. டாக்டரின் ஆள் வந்து ஸ்க்ரூவைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துப்போனானாம்.

கட்டு அவிழ்த்த பிறகு டாக்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள், கூட ஊர்ப் பெரியவர் ஒருத்தர். அம்மா வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். அண்ணன் உட்காரவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"புகார்ல என் பேர் வேணாமே" என்றார் டாக்டர். "அந்தம்மா பொழைச்சிக்கட்டும்னு போர்டு வைக்க விட்டேன். மத்தபடி எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கைராசின்னு நீங்களாதான அவங்ககிட்ட போனீங்க?"

"கரெக்டுதாங்க டாக்டர். எங்க நேரம் சரியில்ல" என்றான் அண்ணன்.

நான் உள்ளறையிலிருந்து வந்தேன். "அந்தக் குச்சியில எவ்ளோ தோய்க்கணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்தார். "நான்தான். ஆனா கண்ணுக்கிட்ட வைக்காதேன்னு சொல்லியிருக்கேன்மா."

"வெச்சாளே. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் எப்படிம்மா எல்லா எடத்துலயும் இருக்க முடியும்?"

"அப்புறம் எதுக்குங்க அங்க சேர் போட்டீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, "காட்டும்மா, பார்க்கலாம்" என்று என் முகத்துப் பக்கம் குனிந்தார். அவர் பெயரை நம்பித்தான் நான் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். அந்த மனிதன் என்னைத் தொட்டுப் பார்க்க வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. விரல் என் இமையில் பட்டது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டு கையாலும் அவர் காலரைப் பிடித்தேன். பட்டன் தெறித்தது. பிடித்து உலுக்கினேன். டார்ச் விழுந்து உருண்டது, காபி டம்ளர் கவிழ்ந்தது. சுவரோடு வைத்து அவர் தலையை மோதினேன். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இன்னொரு முறை மோதியிருப்பேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் கொண்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது.

"டாக்டர் மேலயே கை வெக்கிறியா? பைத்தியமா புட்ச்சிகீது உனக்கு?"

நான் தரையில் விழுந்து கிடந்தேன். அண்ணன் குனிந்து டார்ச்சை எடுத்து வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். பிறகு, "மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே, கசங்கியிருந்த அவருடைய காலரை நீவிவிட்டான்.