மச்சான் காய்ச்சிய டீசல்

என் மனைவியின் அண்ணன் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தார். உதவியாளர் என்றால் குடுவை கழுவுவது, கரைசல் கலந்து வைப்பது, மாணவர்கள் உடைத்துப் போட்டதைப் பெருக்குவது. பாடம் நடத்துகிற வேலை இல்லை. ஆனாலும் எந்தக் கரைசல் எத்தனை சொட்டில் நிறம் மாறும் என்று பேராசிரியர்களே அவரிடம்தான் வந்து கேட்பார்கள். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சொட்டு சார்'. அவர் அதற்காகக் கோபப்பட்டதில்லை. அவர் எதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குடும்பத்துக்கு வேண்டிய கோபத்தை எல்லாம் நான் ஒருவனே பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ரொட்டி வண்டி. விடிவதற்குள் பேக்கரியில் ரொட்டியும் பன்னும் ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்கிப் போடுவது தொழில். வண்டி பழைய டீசல் வேன். என் கைக்கு வருவதற்கு முன்பே மூன்று பேரிடம் பாடாய்ப் பட்டிருந்தது. அதன் டீசல் டேங்கை யாரும் என்றைக்கும் கழுவியதில்லை. நானும் கழுவவில்லை. டேங்கைக் கழுவ வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனபோது அவர் ஒரு கண்ணாடி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"மாப்பிள்ளை, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"தேனா?"

"எங்க கேன்டீன்ல சிப்ஸ் வறுத்துக் கொட்டுற எண்ணெய். இப்போ டீசல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இருந்த துணி துவைக்கும் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே துணி ஒன்றையும் காணவில்லை. ஒரு பழைய வெந்நீர் டிரம், வரிசையாக கேன்கள், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு நோட்டு. வறுத்த எண்ணெயை வடிகட்டிச் சூடு பண்ண வேண்டும். அது எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதிக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத் தகுந்த மாதிரி மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். மறுநாள் அடியில் கருப்பாகக் கசடு தங்கும், அதை இறக்கிவிட்டு மேலே நிற்கும் எண்ணெயைத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவிக் காயவைத்தால் ஆயிற்று.

"உலகத்துலயே எண்ணெயைத் துவைச்சுக் காயப்போடுற ஒரே மனுஷன் உங்க மச்சான்தான்," என்றார் அவர் மனைவி. "என் துணியெல்லாம் படுக்கையறையில காயுது."

மச்சானிடம் வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது. கல்லூரிக்குச் சைக்கிளில்தான் போவார். எண்ணெயைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வண்டியைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. இரண்டு வருடமாகக் காய்ச்சிக் காய்ச்சி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வண்டி ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை.

"நீங்க மனசு வச்சா உண்டு மாப்பிள்ளை," என்றார். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். தங்கை வீட்டுக்காரனிடம் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

சரியென்றேன். முதல் நாள் அவரும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் புகையை மோந்து பார்த்தார். "வறுக்குற வாசனை வருது, வறுக்குற வாசனை வருது," என்று குழந்தை மாதிரி இரண்டு தடவை சொன்னார். உண்மைதான். நான் போகும் தெருவில் எல்லாம் நாய்கள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தன. ஒரு கடைக்காரர் ரொட்டியை விட்டுவிட்டு சிப்ஸ் வியாபாரத்துக்குப் போய்விட்டாயா என்று கேட்டார். மூன்று வாரம் வண்டி வெண்ணெயாக ஓடியது. சத்தம் குறைந்தது, புகை குறைந்தது. மச்சான் தினமும் சாயங்காலம் வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போவார்.

நாலாவது வாரத்தில் எனக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டர் வந்தது. நோயாளிகளின் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி. அதற்காக ஒரு வருடம் நடையாய் நடந்திருந்தேன். முதல் நாள் காலை, பாலத்தின் நடுவில், வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். நான் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவிக்கிறேன். ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வருவதற்குள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினார். கருப்பாகத் தார் மாதிரி அடைத்திருந்தது. "என்னத்தை ஊத்தினீங்க?" என்றார். சொன்னேன். "வேற என்ன ஆகும்?" என்று அதைத் தூக்கி ஆற்றில் எறிந்தார்.

ஆர்டர் போய்விட்டது. நான் நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. அவர் மகள் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன்: "குடுவை கழுவுற ஆளுக்கு விஞ்ஞானி ஆகணும்னு எதுக்கு ஆசை?"

அவர் முகம் மாறியது. ஆனாலும் குரல் உயரவில்லை. "அடைச்சது என்னன்னு பார்த்தீங்களா மாப்பிள்ளை? கொஞ்சம் எடுத்துட்டு வந்திருந்தா..."

"இன்னும் எனக்குப் பாடம் நடத்துறீங்களா?"

பின்னால் போய், நிறைந்திருந்த நாலு கேனையும் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் தடுக்கவில்லை. நாலாவது கேனின் மூடி இறுகிப்போயிருந்தது. என்னால் திறக்க முடியவில்லை என்று பார்த்ததும், அவரே வந்து திறந்து கொடுத்தார். 

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என் மனைவி மட்டும் போய் வந்தாள். "அண்ணன் இப்பல்லாம் பின்னாடி போறதே இல்லைங்க. அண்ணி அங்க துணி காயப்போடுறாங்க," என்றாள் ஒருநாள். நல்லதாயிற்று என்றேன்.

ஒரு வருடம் கழித்து என் வண்டியின் டேங்க் ஒழுக ஆரம்பித்தது. ஒட்டவைப்பதற்காகக் கழற்றிய பட்டறைக்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். டேங்கின் மேல்பகுதி முழுக்கத் தார் பூசிய மாதிரி அழுக்கு. கீழ்ப்பகுதி மட்டும் தேய்த்துக் கழுவிய பாத்திரமாகப் பளிச்சென்று இருந்தது.

"சமையல் எண்ணெய்ல செஞ்ச டீசல் எப்பவாவது ஊத்தினீங்களா?" என்று கேட்டார்.

"ஊத்தினேன். வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சு."

"நிக்கத்தான் செய்யும். அது நின்ன மட்டம் வரைக்கும் பழைய அழுக்கையெல்லாம் அரிச்சுக் கொண்டுபோய் ஃபில்டர்ல சேர்த்துடும். ரெண்டு ஃபில்டர் மாத்தியிருந்தா அதோட சரி. எண்ணெய் மேல ஒரு குத்தமும் இல்லை. செஞ்சவர் வேலை தெரிஞ்சவர்தான்."

வண்டியை நிறுத்தியது என் டேங்கில் இருபது வருடமாகக் கிடந்த அழுக்கு. அந்தப் பட்டறையில் நின்றபடியே எனக்கு அது புரிந்துவிட்டது. அங்கிருந்து மச்சான் வீடு பத்து நிமிட நடை. நான் போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்ன முகத்தோடு போவது என்று அதற்கடுத்த நாளைக்குத் தள்ளினேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஓடிய கால் மன்னிப்புக் கேட்க நகரவில்லை. அப்படியே எட்டு வருடம் ஓட்டிவிட்டேன். நடுவில் விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம். "வண்டி நல்லா ஓடுதா மாப்பிள்ளை?" என்று கேட்பார். நல்லா ஓடுது மச்சான் என்பேன். அதற்குமேல் பேச்சு போகாது.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். ஆய்வுக்கூடத்திலேயே தேநீர் கொடுத்து வழியனுப்பினார்கள். மனைவி விடாப்பிடியாக இழுத்துப்போனாள். நாலு பேர் நாலு விதமாகப் புகழ்ந்து பேசினார்கள். எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது துறைத்தலைவராக இருக்கும் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க மச்சானை நீங்களாவது சம்மதிக்க வச்சிருக்கலாம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, காலேஜ் பஸ் எல்லாத்துக்கும் அவர் முறையில எண்ணெய் தயாரிக்கலாம்னு முடிவு பண்ணோம். தனிக் கூடம், அவர்தான் பொறுப்பாளர். மாணவர்களுக்கு அவரே சொல்லித் தரணும். கெஞ்சாத குறையாக் கேட்டோம். 'வேண்டாம்மா, என் எண்ணெய் ஒருத்தரை நடுரோட்டுல நிறுத்தியிருக்கு'ன்னு ஒரேயடியா மறுத்துட்டார்."

கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அஞ்சு வருடத்துக்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இந்த அறையை விட்டுப் பொறுப்பாளராகப் போயிருப்பார்.

கூட்டம் கலைந்தது. மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் கடைசியாகக் கிடந்த குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளைக்கு வரப்போகிறவருக்கு அழுக்காக விட்டுவிட்டுப் போகக்கூடாதாம். பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சான், உங்க எண்ணெய்ல தப்பில்லை. என் டேங்க்ல இருந்த அழுக்குதான் அடைச்சுது."

குழாயை நிறுத்தினார். "அடைச்சது என்ன நிறம்?"

"கருப்பு. தார் மாதிரி."

"என் எண்ணெய் கெட்டிருந்தா வெள்ளையா, சோப்பு மாதிரி வரும்," என்று குடுவையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "எட்டு வருஷம் ஆச்சு மச்சான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஈரக் கையைத் துண்டில் மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்க வண்டியில ஊத்தினதுல ஒரு பாட்டில் எடுத்து வச்சிருந்தேன். எங்க தப்பு பண்ணேன்னு மாசாமாசம் சோதிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரின்னுதான் வந்துச்சு. வண்டி நின்னது நிஜம், சோதனை சரின்னு சொல்லுது. அப்போ பார்க்கிற என் கண்ணுலதான் கோளாறுன்னு முடிவு பண்ணேன் மாப்பிள்ளை. அதுக்கப்புறம் இங்க ஒரு கரைசலைக்கூட நம்பி நான் தனியா கலந்து வச்சதில்லை. யாராவது ஒரு மாணவனைக் கூப்பிட்டு, சரியா இருக்கா பாருப்பான்னு காட்டிட்டுத்தான் வைப்பேன்."

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே அறையில் ஒரு பேராசிரியர் அதைச் சொல்லித்தான் அவரை மெச்சினார். முப்பது வருட அனுபவம் உள்ளவர் முதல் வருட மாணவனிடம் சரிபார்க்கக் கேட்பாராம், அத்தனை பணிவாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.