செல்லாத நாற்பத்தொன்று

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கட்டைவிரல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தோல் கையுறையில் கட்டைவிரலைப் பொருத்தித் தைப்பதுதான் இருப்பதிலேயே சள்ளை பிடித்த வேலை. மற்ற நாலு விரலும் நேராக ஓடிவிடும். கட்டைவிரல் மட்டும் வளைந்து சுருண்டு உள்ளங்கைப் பக்கம் திரும்பி வரும். அந்த வளைவில் ஊசி கொஞ்சம் பிசகினால் தோல் வீண், இல்லாவிட்டால் விரல் வீண். பத்தொன்பது வருடமாக அவள் அந்த வளைவைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உலையில் வேலை செய்கிறவர்களும் கம்பி வெட்டுகிறவர்களும் கை பத்திரமாக இருக்க வேண்டும் என்று போட்டுக்கொள்கிற கையுறை. அதைத் தைக்கிற பெண்களில் விரல் முழுசாக இருந்தவர்கள் குறைவு.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை அவள் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். தைத்துக் காட்டுவாள், பிரித்துக் காட்டுவாள், மறுபடி தைத்துக் காட்டுவாள். வாயைத் திறந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"எதைத் தைச்சாலும் உள்பக்கம், இடது ஓரத்துல உன் நம்பரைப் போட்டுடு. அப்புறம்தான் கையை விட்டு விடணும். இல்லைன்னா நீ தைக்கவே இல்லைன்னு சாதிச்சுடுவாங்க."

தையல் பிரிவில் இருந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் உண்டு. அவளுக்கு முப்பத்தொன்று. ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு தடவை அதே எண்ணை எழுதி எழுதி, பேனா கைக்கு வந்தாலே எண் தானாக விழுந்துவிடும். பிள்ளையின் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தில்கூட ஓரத்தில் எண் போட்டு அனுப்பியவர்கள் உண்டு.

எதிர் மெஷினில் இருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. "நான் என் வீட்டுக்காரர் சட்டைக் காலர்லயே போட்டுட்டேன். தொலைஞ்சு போனா யாராவது கொண்டுவந்து விடட்டும்" என்பாள்.

"நம்பர் போடலைன்னாலும் கொண்டுவந்து விட்டுடுவாங்கடி. அந்த ஆளை யார் வச்சுக்குவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். வரிசையே சிரிக்கும். கட்டைவிரல் அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் மெஷினில் இருந்த ஊசித்தடுப்பைக் கழற்றுவதற்கு முன்னால். தடுப்பு இருந்தால் வேகம் குறைகிறது என்று ஒரு வாரத்தில் எல்லா மெஷினிலும் கழற்றிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் அவளுடைய நாத்தனாரின் ஆள்காட்டி விரலில் ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. நாத்தனாரைக் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிவந்ததே கட்டைவிரல் அக்காதான். புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அந்த அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. யார் தலை குனிகிறார்கள் என்பது மட்டும் தெரியும். வேலை நேரம், வேகம், விடுப்பு, காயம், எதுவானாலும் அங்கே ஒவ்வொருத்தியாகத்தான் போக வேண்டும். ஒருத்திக்குச் சொன்னது இன்னொருத்திக்குத் தெரியாது. நாத்தனார் வெளியே வந்தபோது, "என் கவனக்குறைவுன்னு எழுதி வாங்கிட்டாங்க அண்ணி" என்றாள்.

அந்த வாரம்தான் கட்டைவிரல் அக்கா தொழிற்சங்கத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேச வராதவள் போட்டதைப் பார்த்து, பேசத் தெரிந்தவர்களும் போட்டார்கள். சங்கத்திலிருந்து வந்த அம்மா டீக்கடைப் பின்கட்டில் நின்றபடி சொன்னார்:

"தனியா உள்ள போனா அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு வரணும். சங்கமா போனா நாம சொல்றதை அவங்க கேக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி ஓட்டுல ஜெயிக்கணும். ரகசிய ஓட்டு. யார் எதுல போட்டாங்கன்னு கடவுளுக்கும் தெரியாது. பயப்படாதீங்க."

சட்டப்படி, பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் பாதிக்கு மேல் சங்கம் வேண்டும் என்று விழுந்தால், நிர்வாகம் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். தோற்றால் ஒரு வருடத்துக்கு மறுபடி ஓட்டுக் கேட்க முடியாது.

ஓட்டு சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி பெட்டியோடு வந்திருந்தார். மறைப்புக்குப் பின்னால் ஒரு மேசை, நூலில் கட்டிய பேனா, சீட்டு. ஒரு கட்டம் வேண்டும், ஒரு கட்டம் வேண்டாம். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. யாரும் படிக்கவில்லை. இருநூற்று முப்பது பேரும் போட்டார்கள். வெட்டுப் பிரிவு ஆண்களும் பெட்டி கட்டுகிறவர்களும் நிர்வாகத்தின் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். தையல் பிரிவு மொத்தமும் சங்கம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் ஜெயித்துவிட்டோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

எண்ணும்போது பார்க்கச் சங்கத்தின் சார்பில் ஓர் ஆள் இருக்கலாம் என்றார்கள். பேசாமல் பார்க்கிற வேலைதானே என்று அவளை உட்காரவைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் அவருடைய குமாஸ்தாவும்.

முதல் பத்துச் சீட்டு வரை ஒன்றுமில்லை. பதினோராவது சீட்டை அதிகாரி விரித்தார், திருப்பினார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வேண்டும். ஆனா ஓரத்துல பதினேழுன்னு எழுதியிருக்கு. அடையாளம் இருந்தா செல்லாது." தனியாக வைத்தார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பதினேழு என்பது ரேடியோ. இதில் ஏன் அவள் எண் வருகிறது? அதற்குள் அடுத்தது வந்தது. "அறுபத்துரெண்டு. செல்லாது." அப்புறம் "எட்டு." அப்புறம் "நாற்பத்தஞ்சு." எல்லாம் உள்பக்கம், இடது ஓரம். மறைப்புக்குப் பின்னால் தான் குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. கட்டத்தில் குறி போட்டது நினைவிருந்தது. அதற்கப்புறம் கை என்ன செய்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"முப்பத்தொண்ணு. செல்லாது" என்றார் அதிகாரி.

அவளுடைய எழுத்தேதான். மூன்றின் கொக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது.

குமாஸ்தா மடியில் ஒரு காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் எழுதுவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. தோற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வாசிக்கப்படுகிற ஒவ்வொரு எண்ணும் ஒருத்தியின் முகம்.

"சார்" என்றாள். அதிகாரி நிமிரவில்லை. மறுபடி, "சார், நம்பரை மட்டும் வாசிக்காதீங்க சார்."

"காரணம் சொல்லாம எப்படிம்மா தள்ளி வைக்கிறது? நாளைக்கு நீங்களே கேப்பீங்க."

"கேக்க மாட்டோம் சார்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று அடுத்த சீட்டை எடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. களைத்திருந்தார், அவ்வளவுதான்.

வேண்டும், தொண்ணூற்று மூன்று. வேண்டாம், தொண்ணூற்று ஆறு. செல்லாதது, நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு, வேண்டும் என்ற கட்டத்தில்.

மறுநாள் காலை அவளை முதல் ஆளாகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் மேனேஜர். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. "உங்க மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். யார் யார் ஓட்டுப் போட்டாங்கன்னு பார்க்கறதுக்காகச் சங்கத்துல நம்பர் போடச் சொல்லி மிரட்டியிருக்காங்க. அதை ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்களும் போய் உங்க மெஷின்ல உக்காரலாம்."

எழுதிக் கொடுத்தால் இந்தத் தொழிற்சாலைக்குள் சங்கம் என்ற பேச்சே இனிமேல் எடுபடாது. எழுதாவிட்டால் நாற்பத்தொரு வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என்னைத் தனியா கேக்காதீங்க சார். எல்லாரையும் ஒண்ணா வச்சுக் கேளுங்க. பதில் சொல்றேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாரையும் கேக்கத்தான் போறேன்மா. ஒவ்வொருத்தரா."

அவளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மெஷினுக்கே திருப்பி அனுப்பினார்கள். அன்று முழுக்க அவள் கட்டைவிரல் தைத்துக்கொண்டே கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனவள் குனிந்து எழுதினால் வரிசைக்குத் திரும்பி வந்தாள். எழுதாவிட்டால் வாட்ச்மேன் வாசல்வரை கூட்டிப் போனான். ரேடியோ வாசல் பக்கம் போனாள். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் பல பேருக்குக் கண் கலங்கியது.

மூன்று மணிக்கு நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். நேரம் ஆனது. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் வலது தோள் அசைந்தது. வெளியே வந்தவள் அண்ணி இருந்த பக்கம் திரும்பாமல் போய் உட்கார்ந்து மெஷினை ஓட்டினாள்.

மாலைக்குள் பத்தொன்பது பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். சங்கத்தின் சார்பில் கட்டைவிரல் அக்காதான் எண் போடச் சொன்னாள். மிரட்டியதாக அவளையும், சேர்ந்து செய்ததாக மற்ற இருபத்தொரு பேரையும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

வீட்டில் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் பொய் எழுதலை அண்ணி. யார் நம்பர் போடச் சொன்னாங்கன்னு கேட்டாங்க. முதல் நாள்லேர்ந்து நீங்கதானே சொன்னீங்க? அண்ணி சொன்னாங்கன்னேன்."

"நான் ஓட்டுச் சீட்டுலயா போடச் சொன்னேன்?"

"அது அவங்க கேக்கலையே."

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விடுங்க. ரெண்டு சம்பளம் போறதுக்கு ஒண்ணாவது மிஞ்சுச்சேன்னு இருங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

சங்கத்து அம்மா தொழிலாளர் துறையில் மனுப் போட்டார். எழுதிக் கொடுத்த பத்தொன்பது பேரில் ஒருத்தி வந்து, பயமுறுத்தித்தான் வாங்கினார்கள் என்று சொன்னால் போதும், மனு நிற்கும் என்றார். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவளிடம் இதைக் கேட்க அவளுக்கு ஒன்பது நாள் ஆனது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பாமலே, "பிள்ளைங்களை நீங்க பார்த்துக்குவீங்களா, நான் வெளியே நின்னா?" என்றாள். அவள் ஈரப் பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள். ஒருத்தியும் வரவில்லை. மனு தள்ளுபடியானது.

பிறகு அவளுக்குப் பை ரிப்பேர் கடையில் ஜிப் மாற்றுகிற வேலை கிடைத்தது. கடைத்தெருவில் பழைய தையல் பிரிவுப் பெண்கள் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். வீட்டில் நாத்தனாரும் அவளும் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்குப் பேசினார்கள். தொழிற்சாலைச் செய்தி பிள்ளைகள் வாய்வழியாகத்தான் வரும். ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்திவைக்கிறார்கள். மெஷின் வேகத்தை இன்னும் ஏற்றிவிட்டார்கள்.

ஓட்டு முடிந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"உங்க மெஷின்ல உக்காந்திருந்த பொண்ணுக்கு நேத்து ஊசி ஏறிடுச்சு அண்ணி. எலும்பு வரைக்கும். கவனக்குறைவுன்னு எழுத வச்சுட்டாங்க. இடது கையால எழுதிச்சு."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சங்கத்துப் படிவம் இருக்கா?"

"சங்கத்து அம்மாகிட்ட இருக்கும்."

"நீங்க வந்து எல்லார்கிட்டயும் பேசுவீங்களா? நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் கேட்டுக்குள்ளயே வர முடியாது" என்றாள் அவள். "எழுதிக் கொடுத்தவங்க பத்தொன்பது பேர் உள்ள இருக்கீங்க. என்ன நடந்துச்சுன்னு நீதான் சொல்லணும். உன் வாயால."

நாத்தனார் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சின்னப் பிள்ளை எதற்கோ அழுதது. அவள் எழுந்து போகவில்லை.

"எல்லார் முன்னாடியுமா?" என்றாள்.

"எல்லார் முன்னாடியும்."