எக்வே கூப்பிடுகிறது

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் தெருவில், மாலினி அக்காவின் பலசரக்குக் கடையில் மிளகாய்த்தூள் வாங்க நிற்கிறேன். அணைத்துப் பிடித்த மர மேளத்தோடு எமேகா பதறி உள்ளே வருகிறார். நைஜீரியாவின் இக்போ இனத்தவர். புறநகரான செவ்ரானில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். மேளத்தின் பெயர் எக்வே. ஒரே மரத்தைக் குடைந்து, நீளப் பிளவு விட்டு, பக்கமெல்லாம் பல்லி செதுக்கியிருக்கிறார்கள். தோலே இல்லை.

அக்கா அவரிடம் பிரெஞ்சில் விசாரித்து எனக்குச் சொல்கிறார்: "இண்டைக்கு மகளுக்குக் கலியாணம். தட்டுற தடியளை ரயில்ல விட்டிட்டாராம். பாவம், அழுற மாதிரி நிக்கிறார்."

விற்பனைக்கு இருந்த இரண்டு மர அகப்பைகளை எடுத்து நீட்டுகிறார். எமேகா காம்பால் தட்டுகிறார். பிளவின் ஒரு கரை கனத்த குரலிலும் மறு கரை மெல்லிய குரலிலும் பேசுகின்றன. அவர் முகம் மலர்கிறது. அக்காவைப் பார்த்து ஏதோ சொல்லி, மறுபடியும் தட்டுகிறார்.

"என்ன சொல்றார் அக்கா?"

"கடையை விட்டிட்டுக் கலியாணத்துக்கு வரேலாதெண்டு முந்தியே சொல்லிப்போட்டன். இப்ப மேளம் என்னை வரச்சொல்லிக் கூப்பிடுதாம்."

எமேகா நிறுத்துவதாக இல்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

"இஞ்சேருங்கோ, கடையைப் பாருங்கோ!" என்று உள்ளேயிருக்கும் கணவருக்குக் குரல் கொடுக்கிறார். பிறகு மேளத்தின் பக்கம் குனிந்து, "ஓம், ஓம், வாறன்!" என்கிறார்.