கிளி வரைந்த அறையைப் பார்க்கப் போனேன்

புதன்கிழமை காலை 7.10. அவிநாசிபாளையம் நிறுத்தத்தில் திருப்பூர் பேருந்து வந்து நின்றது. இரண்டு வயது மகள் மித்ராவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவளுடைய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். பையில் இரண்டு சட்டை, பால்புட்டி, ரசம் சாதம், ஒரு போர்வை. போர்வையை வைத்தேனா என்று மூன்று முறை கையை விட்டுப் பார்த்தேன்.

இது 2006 ஜூன் மாதம். மூலனூரில் சந்தைக்கு முருங்கைக்காய் கட்டும் என் தங்கையும் அவள் தோழிகளும், "பனியன் கம்பெனி எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து போர்வெல் வற்றிவிட்டது. வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வந்தாக வேண்டும். முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி, பி.காம். படித்த எனக்கு அலுவலக வேலை தருவதாகச் சொன்னது. குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்றேன். "கம்பெனியிலயே கொழந்தைங்களுக்கு ரூம் இருக்குதுங்க, கூட்டிட்டு வாங்க" என்றார் மேனேஜர் போனில். என் கணவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த ரூமை உன்ற கண்ணுல பாத்துட்டு வா. மனசுக்குப் புடிக்கலீன்னா வேலை வேண்டாம்."

திருப்பூருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். டிக்கெட் ஆறு ரூபாய். பேருந்து முழுக்க டிபன் பாக்ஸோடு பெண்கள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "பாப்பாவ எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"கம்பெனிக்குங்க."

"அய்யோ, பாப்பா தெச்ச பீஸ் செக் பண்ணுமுங்களா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். அவர்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், நானும் அவர்களோடு போகிறேன் என்று நினைக்கையில் நெஞ்சு படபடத்தது. சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

8.00 மணிக்குத் திருப்பூர். துணிப்பொதி ஏற்றிய டி.வி.எஸ். வண்டிகள் பேருந்துக்கே வழிவிடாமல் பறந்தன. டீக்கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி எழுதியிருந்தார்கள். சாலையோரச் சாக்கடை கத்திரிப்பூ நிறத்தில் ஓடியது. மித்ரா கை நீட்டி "பூ" என்றாள். எந்த நாட்டுக்குப் போகும் சட்டையின் சாயமோ, நம் ஊர்த் தண்ணீரில் கரைந்து போனது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. அதற்காக என்மேலேயே கொஞ்சம் கோபம் வந்தது.

டவுன் பஸ்ஸுக்கு நான்கு ரூபாய். 8.50க்கு முதலிபாளையம் தொழிற்பேட்டை. வாட்ச்மேன் நேராக அந்த அறைக்கு அழைத்துப் போனார்.

என்ன அறை! சுவரில் ஓர் ஆள் உயரப் பச்சைக் கிளி. நான்கு தொட்டில்கள், பாய், சக்கரம் வைத்த யானை. உள்ளே மூன்று குழந்தைகள். 'ஆயா' என்று அட்டை குத்திய ஒரு பெண், பெயர் செல்வி. என் கண்ணே நிறைந்துவிட்டது. மித்ரா ஓடிப்போய்க் கிளியின் இறக்கையில் கையை வைத்தாள். திரும்பியபோது உள்ளங்கை முழுக்கப் பச்சை.

"ஐயோ, நேத்து சாயங்காலம்தானக்கா அடிச்சாக, இன்னும் காயல" என்றாள் செல்வி. திருநெல்வேலிப் பேச்சு.

"இதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இங்கன அட்டப்பெட்டிதான் கெடந்துச்சு. இன்னைக்கு துணி வாங்குத வெளிநாட்டு பையர் ஆளு கம்பெனியச் சோதிக்க வாராகள்லா? நான் செக்கிங் செக்ஷன். இன்னைக்கு மட்டும் ஆயா வேசம்."

"இந்தக் கொழந்தைங்க?"

"டெய்லரக்காமாரு புள்ளைக. ஒருநா மட்டும் கூட்டிட்டு வரச் சொன்னாக. யானை மொதலாளி வீட்டு யானை."

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிடலாமா? வீட்டில் என்ன சொல்வது? அறை இருந்தது, ஆனால் இல்லை என்றா?

யோசித்து முடிப்பதற்குள் 10.15க்குக் கதவு திறந்தது. மேனேஜர், ஒரு வெளிநாட்டுப் பெண், அவளுக்கு மொழிபெயர்க்க ஒருவர். அவள் குழந்தைகளைப் பார்த்தாள், பச்சைக் கையோடு என் மடியில் இருந்த மித்ராவைப் பார்த்தாள். "உங்கள் குழந்தை எத்தனை நாளாக இங்கே வருகிறது என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பவர்.

மேனேஜரின் முகம் வெளிறியது. பொய் சொன்னால் இந்த அறை இன்றோடு பெட்டி அறையாகிவிடும். உண்மையைக் கொட்டினால் ஆர்டர் போய்விடலாம். பஸ்ஸில் என்னோடு சிரித்த பெண்களைப் போன்றவர்கள்தானே இங்கேயும் தைக்கிறார்கள்?

"இன்னைக்குத்தாங்க மொத நாள்" என்றேன். அது உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நாளைக்கும் வருவனுங்க. தெனமும் வருவனுங்க. இந்த ரூமை நம்பித்தான் வேலைக்கே சேர்றேன்."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்தமுறை சொல்லாமல் வருவேன் என்று மேனேஜரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர்கள் போனதும் மேனேஜர் மட்டும் திரும்பி வந்தார். "ஏனுங்க அம்மணி, இப்படி மாட்டி உட்டுட்டீங்களே!"

"நீங்கதானுங்க போன்ல ரூம் இருக்குதுன்னு சொன்னீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "செரி, நாளைக்கு எட்டே முக்காலுக்கு வாங்க. பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லை, திரும்பும் பஸ்ஸில் பதினெட்டு கிலோமீட்டரும் உருட்டிக்கொண்டே வந்தேன். என் சேலையில் பச்சையாய் ஐந்து சின்ன விரல்கள். கணவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "நாளைக்கும் போய்ப் பாரு" என்றார்.

வியாழன் காலை 8.40. அறை பூட்டியிருந்தது. வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வேறு. பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால் செல்வி மேனேஜர் கொடுத்த சாவியோடு வருகிறாள், ஆயா அட்டை நெஞ்சில் அப்படியே. அவளுக்குப் பின்னால் தைக்கிற பெண்கள் ஐந்து பேர், இடுப்பில் ஆளுக்கொரு குழந்தை. நேற்று மூன்று குழந்தைகள்தான்.

"தெனமும் வருவேன்னு நீங்கதானுங்க சொன்னீங்களாம்? செல்வி சொன்னாளுங்க." என்றாள் அவர்களில் ஒருத்தி. "செரி, நாங்களும் வந்துட்டோம்."

யானை முதலாளி வீட்டுக்கே போய்விட்டிருந்தது. தொட்டிலும் இரண்டுதான் மிச்சம். செல்வி வெட்டுத் துணிகளைச் சுருட்டி நூலால் கட்டிப் பந்து செய்தாள். கிளியின் இறக்கையில் மித்ராவின் கை அளவுக்கு ஒரு வெள்ளை இடம். யாரும் அதன்மேல் பூசவில்லை.

பதினோரு மணிக்குத் தாங்க முடியாமல் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து ஜன்னலில் பார்த்தேன். வீட்டில் நான் கிணற்றடிக்குப் போனாலே அழுகிற மித்ரா, துணிப்பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை. கொஞ்சம் வலித்தது. பிறகு என் மேஜைக்கு ஓடியே போனேன்.