நினைவஞ்சலியில் விடுபட்ட பெயர்

என் பெரியப்பா இறந்துவிட்டார் என்பதற்கு எங்கள் வீட்டில் அசைக்க முடியாத சான்றுகள் இரண்டு இருந்தன. ஒன்று, குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் தாத்தா தம் கையால் எழுதிவைத்த மரணக் குறிப்பு. மற்றொன்று, ஆண்டுதோறும் அதே தேதியில் உள்ளூர் ஆங்கில நாளிதழில் வெளிவரும் நினைவஞ்சலி விளம்பரம். அதே பழைய படம். அதன் கீழே, பிரிவால் வாடும் குடும்பத்தார் அனைவரின் பெயர்களும். நான் பிறந்த ஆண்டிலிருந்து என் பெயரும் முதலெழுத்தோடு அதில் அச்சாகி வந்தது. நான் பிறக்கும் முன்பே ஏரியில் மூழ்கிப்போனவருக்காக வாடுவதில் எனக்கு வருத்தத்தைவிடப் பெருமையே மிகுதி.

ஒன்பதாம் வகுப்பில், செகந்திராபாத் தமிழ்த் திருச்சபையின் பேச்சுப் போட்டியில் குடும்பத்து முன்னோர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நான் பெரியப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். சபைச் செயலாளரோ முகம் மாறி, வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். அரங்கமே அழுதுவிடும் என்று அஞ்சுகிறார் போலும் என எண்ணிக்கொண்டேன்.

விபத்துச் செய்தியைத் தேடி நூலகத்துக்குப் போய், பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன். இறந்த தேதியில் செய்தி இல்லை, மறுநாளும் இல்லை. விடாமல் மாதம் மாதமாகப் பார்த்துக்கொண்டே போனேன். அடுத்த ஆண்டுக் கட்டின் விளையாட்டுப் பக்கத்தில், ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பின் கேரம் போட்டியில் வென்ற கோப்பையோடு பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அதே பெயர், அதே முதலெழுத்து, அதே விரிந்த காதுகள். பக்கத்தில் அவருடைய மனைவி. அவர் பெயர் எங்கள் சபையில் எவரும் வைக்கிற பெயரன்று.

எதிரணியின் எந்த வாதத்துக்கும் நான் சொல்லிழந்ததில்லை. இறந்தவர் கோப்பையை ஏந்திச் சிரித்தால் அதற்கு என்ன மறுமொழி?

காஞ்சன்பாக் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய அப்பாவை மாடிப்படியிலேயே மறித்தேன். அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். தாத்தா ஒப்பாத திருமணம். அன்றோடு அவருக்கு மூத்த மகன் இல்லை. ஊருக்கும் அதை அறிவிக்கவே இந்த அஞ்சலி. உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி செலுத்தும் கொடுமைக்கு நீங்களும் துணைபோகலாமா என்று மேடைக் குரலில் கேட்டேன்.

"மெதுவா பேசுட்டி. விளம்பரம் போடணும்னு தாத்தா சொன்னாவ. பேரெல்லாம் நான்தான் எழுதிக் குடுக்கேன்" என்றார் அப்பா.

கேட்ட கேள்விக்கு இது விடையாகாது என்று தீர்ப்பளித்து, போட்டியில் வேறொருவரைப் புகழ்ந்து இரண்டாம் பரிசு வாங்கினேன்.

அந்த ஆண்டு அஞ்சலியில் அச்சுப் பிழையாக ஒரே ஒரு பெயர் விடுபட்டது. அது அப்பாவின் பெயர். முதல் ஷிப்டுக்காக விடியுமுன்பே போய்விட்ட அப்பா அதைப் பார்க்கவில்லை.

காலையில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கையில் கசங்கிய நாளிதழோடு இறங்கியவருக்குத் தலை நரைத்திருந்தது, காதுகள் மாறவில்லை. கூடத்தில் தாத்தா அதே நாளிதழை முகத்துக்கு நேரே விரித்திருந்தார். வந்தவர் உள்ளே பார்க்காமல், கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"உங்கப்பாக்கு என்னம்மா ஆச்சு?"

நாளிதழுக்குப் பின்னாலிருந்து தாத்தாவின் குரல் வந்தது.

"அவனுக்கு ஒண்ணுமில்ல. பேப்பர்காரன் பேரை விட்டுட்டான்."

பெரியப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தாத்தா தாளைத் தாழ்த்தவுமில்லை, பக்கத்தைப் புரட்டவுமில்லை. அதன் பின்னாலிருந்தே என்னிடம் சொன்னார்: "வெயில்ல உக்கார வேண்டாம்னு சொல்லு."

நான் சொல்லுமுன் பெரியப்பா நிமிர்ந்து, என் பெயரை அச்சில் வருவது போலவே முதலெழுத்தோடு முழுதாகச் சொல்லி, "நீதான?" என்று கேட்டார். வீட்டில் எவரும் என்னை அப்படி அழைத்ததில்லை. என்னை ஒருமுறைகூடக் கண்டிராத அவருக்கு அது எப்படித் தெரியும் என்று திகைத்து, உள்ளே அழைக்கவும் மறந்து நின்றேன்.